உப்பும் நெருப்பும் விளையும் தனகில் பாலைவனம்: யாருக்கு நரகம், யாருக்கு வீடு?

2025-ம் ஆண்டு நவம்பர் 24-ம் தேதி இரவு. டெல்லிக்கு மேலே, மிக உயரத்தில், சாம்பல் மேகம் ஒன்று கடந்துகொண்டிருந்தது. கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஆனால், விமானிகளுக்கு எச்சரிக்கை போயிருந்தது. சில விமானங்கள் ரத்தாயின. சில, பாதி வழியில் வேறு ஊரில் இறங்கின. விமான நிலையங்களில் காத்திருந்தவர்கள் கைபேசியைத் தட்டிக் காரணத்தைத் தேடினார்கள். திரையில் வந்த பெயர், அதுவரை யாரும் கேள்விப்பட்டிராதது: ஹாய்லி குப்பி.

எத்தியோப்பியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் எரிமலை அது. பதிவான வரலாற்றில் அது வெடித்ததாகத் தகவலே கிடையாது. நவம்பர் 23-ம் தேதி வெடித்தது. சாம்பல் சுமார் 14 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி, செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் வழியாக இந்திய வானத்துக்கு வந்து, பிறகு சீனாவை நோக்கிப் போய்விட்டது. இரண்டு நாள் செய்தியில் இருந்தது. மூன்றாவது நாள் எல்லோரும் மறந்துபோனார்கள்.

அந்த எரிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் அஃப்தேரா பகுதி மக்களால் மட்டும் மறக்க முடியவில்லை. சாம்பல் அவர்கள் ஊர் முழுக்கப் படிந்துவிட்டது. யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. ஆனால், ஆடும் ஒட்டகமும் மேயும் இடமெல்லாம் சாம்பல். கால்நடையை நம்பியே பிழைப்பவர்களுக்கு மேய்ச்சல் போனால், அடுப்பு அணைந்த மாதிரிதானே!

‘எரிமலைக்குப் பக்கத்தில் ஊரா? அங்கே மனிதர்கள் வாழ்கிறார்களா?’ என்று கேட்கத் தோன்றும். வாழ்கிறார்கள். அதுவும் இன்று நேற்றல்ல. உலகத்தின் மிகக் கொடூரமான இடங்களில் ஒன்று என்று வெளியாட்கள் சொல்லும் அந்த நிலத்தின் பெயர், தனகில் பள்ளம்.

பூமி பிளக்கும் இடம்

எத்தியோப்பியா, எரித்திரியா, ஜிபூட்டி என்ற மூன்று நாடுகளிலும் பரவியிருக்கிறது அஃபார் முக்கோணம். அதன் வடபகுதிதான் தனகில். ஆப்பிரிக்காவின் மற்ற பாலைவனங்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சகாராவில் மணல். இங்கே உப்பும் எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்லும்தான் தரை. சில இடங்களில் கடல் மட்டத்துக்கு 120 மீட்டருக்கும் கீழே போகிறது நிலம். அதாவது, கடல் மட்டம் இங்கே தலைக்கு மேலே நாற்பது மாடி உயரத்தில் இருக்கிறது.

நிலம் ஏன் இப்படித் தாழ்ந்துபோனது? பூமியின் மேலோடு பல தட்டுகளால் ஆனது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவற்றில் மூன்று தட்டுகள் சந்திக்கும் இடம் அஃபார். சந்திக்கின்றன என்பதைவிட, ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன என்று சொல்வதுதான் சரி. ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர், சில இடங்களில் அதைவிடவும் குறைவு. நம் விரல் நகம் வளரும் வேகம்கூடக் கிடையாது. ஆனால், லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படி இழுபட்டால் மேலோடு மெலிந்து, நடுப்பகுதி கீழே இறங்கும். அடியில் இருக்கும் குழம்பு மேலே வர வழி தேடும்.

சில சமயம் பூமி பொறுமை இழந்துவிடுவதும் உண்டு. 2005 செப்டம்பரில் அஃபாரின் தபாஹு எரிமலைப் பகுதியில், சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் விலகியது. சில இடங்களில் 8 மீட்டர் வரை! பல நூற்றாண்டுகளில் நடக்க வேண்டியது சில வாரங்களில் நடந்து முடிந்தது. இன்னும் பல லட்சம் ஆண்டுகள் கழித்துச் செங்கடல் உள்ளே புகுந்து, இங்கே புதிய சமுத்திரம் உருவாகும் என்கிறார்கள் புவியியல் அறிஞர்கள்.

கடல் இங்கே வருவது புதிதும் அல்ல. கடந்த காலத்தில் செங்கடலின் நீர் பலமுறை இந்தப் பள்ளத்துக்குள் வந்திருக்கிறது. வழி அடைபட்டதும், வெயிலில் காய்ந்து உப்பாகிவிட்டது. கடைசியாக வந்தது சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன்பு. அப்படிப் படிந்த உப்பின் கனம், சில இடங்களில் ஒரு கிலோமீட்டரையும் தாண்டுகிறது. இந்த மக்களின் வாழ்க்கை அந்த உப்பின் மேல்தான் நிற்கிறது.

மலையிலிருந்து பள்ளத்துக்கு

பயணிகள் தனகிலுக்குப் போக நெடுங்காலமாக இருந்த வாசல், திக்ரே மாகாணத் தலைநகரமான மெக்கெலே. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில், இதமான குளிரோடு இருக்கும் ஊர். அங்கிருந்து ஜீப் கிளம்பினால் பாதை வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே போகும். முதலில் வயல்கள். பிறகு முள்மரங்கள். பிறகு வறண்ட ஆற்றுப்படுகைகள். காதை அடைக்கும். காலையில் போட்ட ஸ்வெட்டர் மதியத்துக்குள் பைக்குள் போய்விடும். பெர்ஹாலே என்ற சிறிய ஊரைத் தாண்டினால், அடுப்பைத் திறந்த மாதிரி காற்று முகத்தில் அடிக்கும்.

கடைசியில் வருவது ஹமத் எலா. குச்சியும் பாயும் கல்லும் சேர்த்துக் கட்டிய குடிசைகள்தான் ஊர். ஹோட்டல் என்று எதுவும் கிடையாது. பயணிகளுக்கும் கயிற்றுக் கட்டில்தான். வெட்டவெளியில், நட்சத்திரங்களுக்குக் கீழே வரிசையாகப் போட்டிருப்பார்கள். உள்ளே படுத்தால் வெந்துபோக வேண்டியதுதான்.

வெப்பம் எவ்வளவு? பக்கத்தில் இருக்கும் டல்லோலில் 1960 முதல் 1966 வரை எடுத்த அளவீட்டின்படி, ஆண்டு சராசரி வெப்பநிலை 34.6 டிகிரி செல்சியஸ். ‘இவ்வளவுதானா?’ என்று நினைத்துவிடக் கூடாது. பகல், இரவு, குளிர்காலம், கோடைக்காலம் எல்லாம் சேர்த்த சராசரி இது. மனிதர்கள் குடியிருந்த இடங்களில் பதிவான மிக அதிகமான ஆண்டு சராசரி இதுதான். கோடை மாதங்களில் பகல் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். இரவும் ஆறுதல் தராது.

அந்திநேரத்தில் கரும் ஏரிக்கு அழைத்துப் போவார்கள். உப்புத் தரையின் மேல் கணுக்கால் நனையும் அளவே தண்ணீர். காற்று நின்றால் அப்படியே கண்ணாடி. மேலே ஒரு சூரியன், கீழே ஒரு சூரியன். கடும் பகலைக் கடந்து வந்தவர்கள் அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள்.

நிறங்கள் கொதிக்கும் டல்லோல்

மறுநாள் விடியும் முன்பே கிளம்பிவிட வேண்டும். வெள்ளை உப்பு வெளியின் நடுவில் பழுப்பு நிறத்தில் எழும் மேடுதான் டல்லோல். ஏறும்போது தனியாக எதுவும் தெரியாது. உச்சிக்குப் போனதும் கண்ணை நம்ப முடியாது. எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை, ஆரஞ்சு, செம்பழுப்பு, பால் வெள்ளை! யாரோ வண்ணக் குடங்களை உடைத்துக் கொட்டிய மாதிரி குளங்கள். அவற்றின் நடுவே காளான்போலவும் முட்டை ஓடுபோலவும் உப்புச் சிற்பங்கள். கொப்பளிக்கும் சத்தம். மூக்கைத் துளைக்கும் கந்தக நெடி.

இந்த நிறங்கள் எப்படி வருகின்றன? அடியில் இருக்கும் எரிமலைக் குழம்பின் சூடு, நிலத்தடி நீரைக் கொதிக்கவைக்கிறது. அந்த நீர் உப்புப் படிவத்தைக் கரைத்துக்கொண்டு, இரும்பையும் கந்தகத்தையும் அள்ளிக்கொண்டு மேலே வருகிறது. வெளியே வந்ததும் உப்பு படிந்து வெள்ளையாகிறது. கந்தகம் மஞ்சள் தருகிறது. இரும்பு காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேரச் சேர, பச்சை மெல்ல மெல்ல மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் துருவின் பழுப்பாகிறது. ஆக, பச்சையும் பளிச்சென்ற மஞ்சளும் தெரிந்தால் ஊற்று இளமையாக இருக்கிறது. பழுப்பு தெரிந்தால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். சில ஊற்றுகள் சில நாள்களிலேயே அடங்கிவிடும். வேறு இடத்தில் புதிதாகக் கிளம்பும். அதனால் போன ஆண்டு எடுத்த படத்தில் இருக்கும் குளத்தைத் தேடி இந்த ஆண்டு போனால் ஏமாற்றம்தான்.

அழகில் மயங்கிக் கையை நனைத்துவிடக் கூடாது. இங்குள்ள சில குளங்களின் அமிலத்தன்மை, பிஹெச் அளவுகோலில் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. கார் பேட்டரிக்குள் இருக்கும் அமிலத்தோடு போட்டி போடும் அளவு. பக்கத்தில் இருக்கும் கேய்த் அலே என்ற குளத்தில் கரைந்திருக்கும் உப்பின் அளவு சுமார் 43 சதவிகிதம். கடல் நீரில் சுமார் 3.5 சதவிகிதம்தான். உலகிலேயே மிக உப்பான நீர்நிலை இதுதான் என்கிறார்கள். அதிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது. தண்ணீர் என்று நம்பி இறங்கிய பறவைகள் கரையில் செத்துக் கிடப்பதைப் பார்த்தவர்கள் உண்டு.

அப்படியானால் இங்கே உயிரே கிடையாதா? விஞ்ஞானிகளே சண்டை போட்டுக்கொள்ளும் கேள்வி இது. 2019-ல் ஸ்பெயினைச் சேர்ந்த ஃபெலிபே கோமெஸ் தலைமையிலான குழு, டல்லோலின் உப்புப் படிவத்துக்குள் மிக மிகச் சிறிய நுண்ணுயிர்களின் தடயம் இருப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு, பிரான்ஸில் பணியாற்றும் புரிஃபிகேசியோன் லோபெஸ் கார்சியாவின் குழு, ‘அமிலமும் உப்பும் உச்சத்தில் இருக்கும் குளங்களில் உயிர் இல்லை, உயிர்போலத் தெரியும் சில உருண்டைகள் வெறும் தாதுத் துகள்கள்’ என்றது. செவ்வாய் கிரகத்தில் உயிரைத் தேடுபவர்கள் இந்த விவாதத்தை உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள். தண்ணீர் இருந்துவிட்டால் மட்டும் உயிர் வந்துவிடாது என்ற பாடம் அவர்களுக்கு இங்கே கிடைக்கிறது.

டல்லோலில் பாழடைந்த குடியிருப்பு ஒன்றும் உண்டு. சுவர்கள் உப்புக் கட்டியால் ஆனவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரத்துக்குத் தேவையான பொட்டாஷை எடுக்க இத்தாலியர்கள் வந்தார்கள். செங்கடல் கரையிலிருந்து ரயில் பாதைகூடப் போட்டார்கள். பின்னாளில் அமெரிக்க நிறுவனமும் வந்து துளை போட்டுப் பார்த்தது. எல்லோரும் போய்விட்டார்கள். துருப்பிடித்த இயந்திரங்கள் மட்டும் கிடக்கின்றன. வந்த நாளிலிருந்து இன்றுவரை போகாமல் இருப்பவர்கள் அஃபார் மக்கள்தான்.

உப்பு வெட்டும் கைகள்

டல்லோலிலிருந்து திரும்பும் வழியில், உப்பு வெளியில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். பக்கத்தில் போனால் மனிதர்கள். நூற்றுக்கணக்கான ஒட்டகங்கள் மண்டியிட்டுக் காத்திருக்கும். கொஞ்சம் கழுதைகளும் இருக்கும்.

வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் கோடரியால் உப்புத் தரையில் கோடுபோல வெட்டிப் பிளவு உண்டாக்குகிறார்கள். அந்தப் பிளவில் நீளமான கழிகளைச் செருகி, நாலைந்து பேர் சேர்ந்து பாட்டோடு நெம்பினால் பெரிய பாளம் பெயர்ந்து வருகிறது. பிறகு, குந்தி உட்கார்ந்திருக்கும் ஆள் அதைச் சிறிய கோடரியால் செதுக்கி, ஒரே அளவுள்ள செவ்வகக் கட்டியாக்குகிறார். அளவுகோல் கிடையாது, கண்தான் அளவு. சிறிய கட்டி சுமார் 4 கிலோ எடை இருக்கும். பெரியது அதைப்போல இரண்டு மடங்கு. செதுக்கும் வேலை பெரும்பாலும் அஃபார்களுடையது. வெட்டி நெம்புகிறவர்களில் பலர் திக்ரே மலைநாட்டிலிருந்து இறங்கி வருகிறவர்கள். அஃபார்கள் இஸ்லாமியர்கள். திக்ரேயர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். மொழியும் வேறு. இந்த உப்பு வெளியில் ஒருவர் கை இல்லாமல் இன்னொருவர் கைக்கு வேலை இல்லை.

கூலி கட்டிக் கணக்கில்தான். நிழல் என்று ஒன்று இல்லை. வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அடிப்பதால் கண் கூசும். உப்புத் தூள் படப்பட, கை கால்களில் புண். பயணிகள் ஒரு மணி நேரம் நின்று படம் எடுத்துவிட்டு, ஏ.சி. ஜீப்பைத் தேடி ஓடும் இடத்தில், அவர்கள் மதியம் தாண்டும் வரை வேலை செய்கிறார்கள்.

கட்டிகளை ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் அடுக்கிக் கட்டி, வரிசையாகக் கிளம்பினால் அதுதான் உப்பு வணிகக் கூட்டம். பல நாள்கள் நடந்து, பெர்ஹாலே வழியாக மேட்டு நிலத்துச் சந்தைகளுக்குப் போய்ச் சேரும். இந்தப் பாதையின் வயதைச் சொல்ல முடியாது. ஆறாம் நூற்றாண்டில், இந்தியாவுக்குக் கடல்வழி போனவர் என்ற பட்டப்பெயர் கொண்ட காஸ்மாஸ் என்ற வணிகர், அக்சும் நாட்டார் உப்பையும் மாட்டையும் இரும்பையும் கொடுத்துத் தங்கம் வாங்கியதை எழுதிவைத்திருக்கிறார். 1520-ல் எத்தியோப்பியா வந்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஆல்வாரெஸ், உப்புக் கட்டியே அங்கே பணமாகப் புழங்கியதைப் பதிவு செய்திருக்கிறார். அமோலே என்று அந்த உப்புக் கட்டிக்குப் பெயர். உப்பு விளையும் இடத்திலிருந்து தூரம் போகப் போக, அதன் மதிப்பு கூடிக்கொண்டே போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தப் ‘பணம்’ செல்லுபடியானது.

இப்போது பள்ளத்துக்குத் தார்ச்சாலை வந்துவிட்டது. லாரி வந்துவிட்டது. ஒட்டகம் பல நாள் நடக்கும் தூரத்தை லாரி அரை நாளில் முடித்துவிடுகிறது. அஃப்தேரா ஏரிக்கரையில் பாத்தி கட்டி விளைவிக்கும் உப்பு, எத்தியோப்பியச் சந்தையைப் பிடித்து வெகுநாள் ஆகிறது. ஒட்டக வரிசை ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. ‘ஐயோ, அழகான காட்சி போய்விடுமே’ என்று பயணிகள் வருத்தப்படலாம். சுமை தூக்குகிறவர்களின் கவலை வேறு. லாரி வந்ததால் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால், அந்த லாரி யாருடையது, லாபம் யாருக்கு, ஒட்டகத்தை விற்றுவிட்டு எங்கே போவது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

புகையும் மலை

தனகிலின் தெற்கே எர்ட்டா அலே. அஃபார் மொழியில் ‘புகையும் மலை’ என்று பொருள். உயரம் 613 மீட்டர்தான். ஆனால், உலகத்தில் மிகச் சில எரிமலைகளுக்கு மட்டுமே உள்ள பெருமை இதற்கு உண்டு. உச்சிப் பள்ளத்தில், பல பத்தாண்டுகளாக எரிமலைக் குழம்பு ஏரியாகவே தளும்பிக்கொண்டிருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்குவார்கள். மெத்தைகளையும் தண்ணீரையும் ஒட்டகங்கள் சுமக்கும். மூன்று நான்கு மணி நேரம் கருங்கல் மேல் நடை. தூரத்தில் வானம் சிவந்து தெரியும். விளிம்புக்குப் போனால், கீழே கறுப்பு ஆடை கிழிந்து கிழிந்து தீ எட்டிப்பார்க்கும். குழம்பின் சூடு 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல். காற்றில் இழுபட்ட குழம்பு கண்ணாடி இழைகளாகி, முடிபோலப் பறந்து வந்து பாறைகளில் சிக்கிக் கிடக்கும். விளிம்பிலேயே பாயை விரித்துப் படுத்து எழுந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

2017 ஜனவரியில் ஏரி பொங்கி வழிந்தது. மலையின் பக்கவாட்டில் பிளவு திறந்து, குழம்பு அந்த வழியே ஓடியது. ஏரியின் மட்டம் சடசடவென்று இறங்கியது. அதன் பிறகு, போகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பழைய காட்சி கிடைப்பதில்லை. சில சமயம் புகை மட்டும். சில சமயம் சிவப்புக் கீற்று. 2025 ஜூலையில் எர்ட்டா அலே மறுபடியும் வெடித்தது. நான்கு மாதம் கழித்து, அதற்குத் தென்கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஹாய்லி குப்பி விழித்துக்கொண்டது. ‘விளிம்பில் படுத்துத் தூங்கினோம்’ என்ற பழைய பயணக் கதைகளை வைத்து யாரும் இன்று திட்டம் போட முடியாது.

நீராவியிலிருந்து குடிநீர்

இப்படிப்பட்ட நிலத்தில் அஃபார்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? இலேசான வீடு, நடக்கும் கால்கள், கூர்மையான காது. இந்த மூன்றும்தான் பதில்.

அவர்களுடைய வீடு, வளைத்த குச்சிகளின் மேல் பனை ஓலைப் பாய் போர்த்திய கூண்டு. கட்டுவதும் பிரிப்பதும் பெண்கள். மேய்ச்சல் தீர்ந்தால் வீட்டைச் சுருட்டி ஒட்டகத்தின் முதுகில் ஏற்றிவிடுவார்கள். தண்ணீருக்கும் வழி கண்டிருக்கிறார்கள். சில இடங்களில் எரிமலைப் பிளவுகளிலிருந்து நீராவி வரும். அதன் மேல் கற்களை அடுக்கி மூடி, ஆவி குளிர்ந்து சொட்டும் நீரைச் சேர்க்கிறார்கள். உலகமே நெருப்பைப் பார்க்கும் இடத்தில், அவர்கள் குடிநீரைப் பார்த்திருக்கிறார்கள்!

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அதற்குப் பெயர் டாகு. பாலைவனத்தில் இரண்டு அஃபார்கள் எதிரெதிரே வந்தால், சும்மா தலையாட்டிவிட்டுப் போக முடியாது. நின்று, உட்கார்ந்து, செய்தி சொல்ல வேண்டும். எங்கே மழை பெய்தது, எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, யாருக்கு உடம்பு சரியில்லை, வழியில் புதிய ஆள் யார் வந்தார், எங்கே சண்டை? ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர் தொடங்குவார். கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் ஊர் சும்மா விடாது. ஏனென்றால், ‘அந்தக் கிணற்றில் தண்ணீர் உண்டு’ என்ற ஒரு பொய், ஒரு குடும்பத்தையே சாகடித்துவிடும்.

இதே அஃபார் மண்ணில்தான், ஹதார் என்ற இடத்தில், 1974-ல் ‘லூசி’யின் எலும்புகள் கிடைத்தன. சுமார் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு காலில் நடந்த, மனித குலத்தின் மிகப் பழைய உறவுக்காரி. அவளுடைய இனத்துக்கு அறிவியலாளர்கள் வைத்த பெயரிலேயே அஃபார் இருக்கிறது. ‘வேற்றுக்கிரகம் மாதிரி இருக்கிறது’ என்று பயணிகள் சொல்லும் இடம், மனிதக் கதையின் ஆரம்ப அத்தியாயங்களில் ஒன்று.

ஆபத்து எங்கிருந்து வந்தது?

1928-ல் எல்.எம். நெஸ்பிட் என்ற பொறியாளர் தன் குழுவோடு தனகிலைக் குறுக்கே கடந்தார். அதற்கு முன்பு முயன்ற ஐரோப்பியர்களில் சிலர் உயிரோடு திரும்பவில்லை. அந்தக் காலத்திலிருந்தே ‘நரகம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அண்மைக்காலத்தில் பயணிகளுக்கு வந்த பெரிய ஆபத்து வெயிலாலோ அமிலத்தாலோ அல்ல, துப்பாக்கியால். 2012 ஜனவரியில் எர்ட்டா அலேயில் ஆயுதக் கும்பல் தாக்கியதில் ஐந்து வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். 2017 டிசம்பரில் ஜெர்மானியர் ஒருவர் கொல்லப்பட்டார். எரித்திரியாவோடு உள்ள எல்லைப் பகை இதற்கெல்லாம் பின்னணி. 2020 நவம்பரில் திக்ரேவில் தொடங்கிய உள்நாட்டுப் போர், அஃபார் ஊர்களுக்கும் பரவியது. உப்பு வெளியில் தோளோடு தோள் நின்று நெம்பியவர்கள், போரின் இரண்டு பக்கங்களில் நிற்க வேண்டிவந்தது. 2022 நவம்பரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. பாதை மெல்லத் திறந்தது. அஃபார் தலைநகரமான செமேரா வழியாகப் பயணிகள் மறுபடியும் வரத் தொடங்கினார்கள்.

பயணிகள் வராத ஆண்டுகளில் வழிகாட்டி, சமையல்காரர், ஜீப் டிரைவர், ஒட்டகக்காரர், கட்டில் வாடகைக்கு விடும் வீட்டுப் பெண் என்று எல்லோருடைய வருமானமும் நின்றுபோனது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போகிறவர்கள், உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசில் பேரம் பேச யோசிப்பார்கள்.

பயணிகள் கவனத்துக்கு

எப்போது: நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் உகந்த காலம். அப்போதும் பகலில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்.

எப்படி: டெல்லி, மும்பையிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் செமேரா அல்லது மெக்கெலே. அதற்கு மேல் தனியாகப் போக முடியாது. உள்ளூர் அனுமதி, அஃபார் வழிகாட்டி, ஆயுதம் தாங்கிய காவலர், கூட்டாகச் செல்லும் ஜீப்புகள் எல்லாம் கட்டாயம்.

முதலில் பார்க்க வேண்டியது: எரிமலையின் அன்றைய நிலவரமும், எல்லை நிலவரமும். இந்திய அரசின் பயண அறிவுரையைப் பார்த்துவிட்டே டிக்கெட் போட வேண்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: தடித்த அடிப்பாகம் கொண்ட பழைய ஷூ (அமிலத்தில் நனைந்தால் தூக்கிப் போட நேரலாம்), வாயு நெடிக்கு முகக்கவசம், கண்ணாடி, தலைக்குத் துணி, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்களும், சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களும் தவிர்ப்பதே நல்லது.

செய்யக் கூடாதவை: டல்லோலில் வழிகாட்டி கால் வைத்த இடத்தைவிட்டு விலகக் கூடாது. மேலே உப்பு ஓடு, கீழே கொதிநீர். கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. காலி தண்ணீர் பாட்டில்களைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

திரும்பி வந்தவர் சொல்ல வேண்டிய செய்தி

தனகிலுக்குப் போய்வந்தவர்கள் பொதுவாகச் சொல்வது: ‘அப்பா, நரகம்!’, ‘செவ்வாய் கிரகத்துக்குப் போன மாதிரி இருந்தது!’ படங்களிலும் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். மஞ்சள் குளம், சிவந்த வானம், வெள்ளை வெளி. பார்க்கிறவர்களுக்கு அது யாரும் இல்லாத இடம் என்றே தோன்றும்.

டாகு விதிப்படி பார்த்தால் இது அரைச் செய்தி. அந்தக் குளத்துக்கு வழி காட்டியவர் இருக்கிறார். அந்த வெளியில் உப்பு வெட்டியவர் இருக்கிறார். அந்த இரவுக்குக் கட்டிலும் தேநீரும் கொடுத்தவர் இருக்கிறார். சாம்பல் படிந்த புல்லைத் தட்டிவிட்டு ஆட்டுக்குக் கொடுத்தவரும் இருக்கிறார். கண்ணால் பார்த்ததை முழுதாகச் சொல்லுவதுதான் அந்த மண்ணின் ஒழுங்கு.

2025 நவம்பரில் ஹாய்லி குப்பியின் சாம்பல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் வானம் வரை வந்தது. நாம் கேட்டது ஒரே கேள்விதான்: ‘விமானம் போகுமா, போகாதா?’ அஃபார் ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால், முதலில் உட்கார்ந்து இப்படிக் கேட்டிருப்பார்: ‘அங்கே எல்லோரும் நலமா? ஆடுகளுக்குப் புல் இருக்கிறதா?’